நான் ரிஜெக்ட் செய்த போஸ்டர்

எதற்காவது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, நீங்கள் ரிஜெக்ட் செய்தது ஒருத்தியின் அப்பாவை என்று அப்புறம் தெரிந்துகொண்டிருக்கிறீர்களா?

நான் ஒட்டியிருக்கிறேன். பத்து வயதில்.

போன வாரம் என் ரூம் சுவரை ஸ்டேட்டஸில் போட்டேன். உடனே நம்ம ஸ்கூல் குரூப்பில் ஆளாளுக்கு ஆரம்பித்தீர்கள். "இன்னாடி, டிராமா கம்பெனி வச்சிட்டியா?" "அந்த செருப்பு போஸ்டர் இன்னா மேட்டரு?" ஒரு மகான், "பழைய போஸ்டருன்ற, பளபளன்னு கீதே, டூப்ளிகேட்டா?" என்று கேட்டிருந்தான். டூப்ளிகேட் இல்லைடா, மறுபதிப்பு. தெற்கே ஒரு சின்ன ஊரில் முன்பு வருஷா வருஷம் நாடக விழா நடந்தது. அதற்கு அடித்த போஸ்டர்களைச் சென்னையில் ஒரு நாடகக் குழு தேடிப் பிடித்து, திரும்ப அச்சடித்து, கேட்பவர்களுக்குக் கூரியரில் அனுப்புகிறது. நான் சேர்க்கிறேன். ஏன் சேர்க்கிறேன் என்று குரூப்பில் டைப் செய்தால் ஒருத்தரும் படிக்க மாட்டீர்கள். குட் மார்னிங் பூவுக்கு அடியில் போய்விடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபத்துமூன்று வயதில் "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிப்பது ஓவர்தான். ஆனால் நம்ம ஏரியாவில் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை காலம் மாறிவிடுகிறது. நாம் ஓடிப்பிடித்து ஆடிய இடத்தில் இப்போது கேட் பாஸ் இல்லாமல் நுழைய முடியாது. அந்தக் கணக்கில் நாம் எல்லாருமே கிழங்கள்தான். உட்கார்ந்து கேளுங்கள்.

வல்லம் வடகாலில் எங்கள் வீட்டு மாடியில் நாலு ரூம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கழனி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போன பிறகு, கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட அப்பா கட்டியது. அப்பா அதே கழனியின் மேல் எழுந்த கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். "அதே எடத்துலதான் வண்டி ஓட்டிகினு கீறேன். முன்னாடி டிராக்டரு, இப்போ இது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்போது எனக்கு அது ஜோக் என்றுதான் பட்டது.

மாடியில் கடைசி ரூமில் அக்கா இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு போன் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. லென்ஸ் வைத்த விளக்குக்குக் கீழே எட்டு மணி நேரம் போன் மூடிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பது: கீறல், புள்ளி, நிறம் மங்கல். ரூமில் கூட இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட, அக்கா தனியாக இருந்தாள். என்னை அவள் "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவாள். முதல் தடவை கேட்டபோது திட்டுகிறாள் என்று நினைத்து நான் திருப்பித் திட்டிவிட்டேன். அப்படித்தான் பழக்கம் ஆனது.

எங்களுக்குள் ஒரு டீல். மாசம் ஒருமுறை அக்காவுக்குக் கூரியரில் ஒரு நீளமான அட்டைக் குழாய் வரும். அது வரும் நேரத்தில் அக்கா ஷிஃப்டில் இருப்பாள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, ரூமைத் திறந்து உள்ளே வைக்க வேண்டும். அதற்காக ரூமின் இன்னொரு சாவி என் கழுத்தில் தொங்கியது. கூலி, காலிக் குழாய். அதை வைத்து மொட்டை மாடியிலிருந்து கண்டெய்னர் லாரிகளைப் பார்ப்பேன். எல்லா லாரியும் என் கப்பல்.

அம்மாவுக்கு அந்தக் குழாய்தான் தலைவலி. அனுப்புகிறவர் பேர் ஆம்பளைப் பேர். ஊர் சென்னை.

"மாசா மாசம் ஒருத்தன் இன்னாத்தடீ அனுப்புறான் அவளுக்கு? உள்ள இன்னா கீது?"

"படம்மா."

"இன்னா படம்?"

"செருப்பு."

"செருப்பா?" அம்மா அரிவாள்மணையில் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்ல ஆளாத்தான் பார்த்துக்கீறா."

உண்மையிலேயே செருப்புதான். என் சுவரில் நீங்கள் பார்த்த அதே போஸ்டர். நாடகக் கொட்டகை வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள், மேலே இருந்து பார்த்த மாதிரி. எல்லாம் கருப்பு. நடுவில் ஒற்றைச் செருப்பு மட்டும் சிவப்பு, ஜோடி இல்லாமல். நடிகன் இல்லை, மேடை இல்லை. உள்ளே ஏதோ பயங்கரமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அவசரத்தில் ஒருவன் ஒற்றைச் செருப்போடு ஓடிவிட்டான் என்று நமக்கே தோன்றும். விஸ்காம் படித்தபோது அசைன்மெண்டுக்கு அதைப் பற்றி பன்னிரண்டு பக்கம் எழுதினேன். பத்து வயதில் நான் சொன்னது, "செருப்பைத் திருடப் போறாங்க."

இன்னொன்றில் காகிதம் முழுக்க ஒரு திறந்த வாய். நாக்குதான் படிக்கட்டு. படிக்கு ஒரு நாடகத்தின் பேர், உள்ளே போகப் போக எழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். கடைசிப் பேரை லென்ஸ் வைத்துத்தான் படிக்க முடியும். எல்லாப் போஸ்டரும் இரண்டே மை: கருப்பு, சிவப்பு. மூன்றாவது நிறம் காகிதம். அவர்களிடம் அவ்வளவுதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன கெத்தாக விளையாடியிருக்கிறார்கள் என்று இப்போது பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. என் லேப்டாப்பில் லட்சக்கணக்கில் நிறம் இருக்கிறது. நான் டிசைன் செய்வது பிஸ்கட் பெட்டி.

மறுபதிப்பு ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். "வரைந்தவர்: தெரியவில்லை." நான் அதைக் கவனித்ததே இல்லை. அக்கா அதைத்தான் முதலில் பார்ப்பாள் என்பதையும் கவனித்ததில்லை.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் போஸ்டர்கள் அக்காவின் மெத்தைக்கு அடியில், கம்பெனியில் தூக்கிப்போட்ட இரண்டு பெரிய அட்டைகளுக்கு நடுவே படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. புதுப் புத்தக வாசனை அடிக்கும். அந்தக் கட்டின் அடியில் மட்டும் ஒன்று வேறு மாதிரி இருந்தது. பழுப்புக் காகிதம், அப்பளம் மாதிரி. உறைக்குள்ளிருந்தும் புளித்த பசை வாசனை வரும்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

அக்கா ஒருநாள் முடிந்துபோன ஸ்டிக்கர் ரோல் இரண்டின் கடைசித் துண்டுகளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பச்சை என்றால் பாஸ், சிவப்பு என்றால் ரிஜெக்ட். இந்த ஊர்ப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டாத பொருளே இல்லை. அப்பாவின் ஹெல்மெட் ரிஜெக்ட். அம்மாவின் தோசைக்கல் பாஸ். பக்கத்து வீட்டு நாய் முதலில் ரிஜெக்ட், அப்புறம் பாஸ்.

பரீட்சை லீவு. போர் அடித்தது. மாடி ரூமின் சாவி கழுத்தில். ஒரு வியாழக்கிழமை காலையில் அக்கா ஷிஃப்டுக்குப் போனதும் நான் அவள் ரூமில் லைன் ஆரம்பித்தேன். டேபிள் லேம்ப், அப்பாவின் பூதக்கண்ணாடி, மர ஸ்கேல், கோடு போட்ட ஒரு நீள நோட்டு. ரூல்ஸ் எல்லாம் எனக்குத் தெரியும். மாடிப் பெண்கள் குழாயடியில் பேசுவதே அதுதானே. எது சரியான பீஸோ அது மாஸ்டர் சாம்பிள். மற்றதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறையை எழுத வேண்டும். ரிஜெக்ட் ஆன பீஸ் நல்ல பீஸோடு ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. கலந்துவிட்டால் சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிடுவார்.

ஏழு போஸ்டர் பாஸ். உறையின் மேல் அழகாகப் பச்சை ஒட்டினேன்.

எட்டாவதுதான் அந்தப் பழுப்பு. அதில் ஒரு அரிக்கேன் விளக்கு, வெறும் வட்டங்களும் கோடுகளும் வைத்து வரைந்தது. அதே விளக்கு மறுபதிப்பிலும் இருந்தது. புதிதாக, மொழுமொழுவென்று, தீ கண்ணாடிக்கு நட்டநடுவே. எது மாஸ்டர் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புதுசுதான் மாஸ்டர். பழசைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். நோட்டில் எழுதினேன். சிவப்பு கண்ணாடிக்கு வெளியே போயிருக்கு, வலது பக்கம், நாலு மில்லிமீட்டர். மடிப்பு நாலு. மூலைக்கு ஒரு ஓட்டை. மேலே பூரான் மாதிரி மஞ்சள் கறை. அப்புறம் ஐந்தாவது குறை: கீழே இடது மூலையில் தேவையில்லாத எழுத்து, கருப்பு, மாஸ்டரில் இல்லை. எழுத்தை அப்படியே பார்த்து வரைந்தும் வைத்தேன். கடைசி எழுத்தின் வால் நீளமாகப் போய்க் கீழே சுருண்டிருந்தது. அந்தச் சுருளையும் விடவில்லை. குறை என்றால் முழுசாகப் பதிய வேண்டும்.

ரிசல்ட்: ரிஜெக்ட். சிவப்பு. மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. அதில் நிறுத்தி வைத்தேன். வேலை முடிந்தது, கை தட்டிக்கொண்டு கீழே போய்ப் பழைய சோறு சாப்பிட்டேன்.

அக்கா அதைக் கண்டுபிடித்தது மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை. கத்தவே இல்லை. மேலே இருந்து சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்க வா. அடியில இருந்த பழசு எங்க?"

"அது ரிஜெக்ட் ஆயிடுச்சிக்கா."

"சரி. எங்க வச்ச?"

படித் திருப்பத்துக்குக் கூட்டிப்போனேன். பெட்டி இல்லை. பெட்டி இருந்த இடத்தில் தூசி படாத சதுரம் மட்டும் இருந்தது.

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அதுவா? நேத்து காயலாங்கடைக்காரன் வந்தான், பேப்பரோட சேத்து போட்டுட்டேன். செவப்பு ஒட்டிக்கீதே. இந்த ஊர்ல பால் குடிக்கிற கொழந்தைக்குக் கூடத் தெரியும், செவப்புன்னா குப்பைன்னு."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்திலிருந்த ஐடி கார்டு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போனது.

"இன்னாம்மா, ஒரு பழைய நோட்டீஸு, அதுக்குப் போயி..." என்று அம்மா ஆரம்பித்தாள். அப்புறம் குரலை மாற்றி, "அதுல இன்னா இருந்துச்சி?" என்றாள்.

"எங்கப்பா பேரு இருந்துச்சுக்கா" என்றாள் அக்கா. அம்மாவை அவளும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

அன்றைக்குத்தான் அக்கா சொன்னாள், துண்டு துண்டாக. அந்த நாடக விழா நடந்தது அவள் ஊரில்தான். அவள் அப்பா அங்கே போஸ்டர் ஒட்டுகிறவர். பசை வாளியும் ஏணியும் சைக்கிளில். ஊருக்கு அவ்வளவுதான் தெரியும். "ஆனா விழாவுக்கு வரைஞ்சதும் அவருதாம்க்கா. ராத்திரி வரைவாரு, விடிஞ்சா ஒட்டுவாரு. யாரும் நம்ப மாட்டாவ. எங்கம்மயே நம்ப மாட்டா. குடிச்சிட்டு அளந்து விடுதாருன்னுவா." அக்கா எட்டாவது படிக்கும்போது அவர் இறந்துவிட்டார். மிச்சமிருந்த போஸ்டரை எல்லாம் அவள் அம்மா அலமாரித் தட்டுகளில் விரித்துப் போட்டுத் தீர்த்துவிட்டார். விளக்கு ஒன்றைத்தான் அக்கா காப்பாற்றி வைத்திருந்தாள். அவர் தன் பேரையும் படத்தோடு வரைந்து அச்சுக்குக் கொடுத்தது அந்த விளக்குப் போஸ்டர் ஒன்றில்தான்.

பிறகு ஒருநாள் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த பேப்பரில் அதே விளக்கைப் பார்த்திருக்கிறாள். மறுபதிப்பு பற்றிய செய்தி. வரவழைத்துப் பார்த்தால், "வரைந்தவர்: தெரியவில்லை." போன் செய்தாள். அவர்கள், பேர் போட்ட ஒரிஜினல் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், அடுத்த பதிப்பில் போடுகிறோம் என்றார்கள். ஓ.டி. பார்த்து, லீவு மாற்றி, இந்த ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தாள்.

"அச்சுல பேரு வந்துட்டா எங்கம்மகிட்டக் காட்டலாம்னு பாத்தேன். வேற ஒண்ணுமில்லக்கா."

அம்மா கீழே போனாள். அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டினாள். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த அப்பாவிடம், "வண்டிய நிறுத்தாத" என்றாள்.

பழைய பேப்பர் குடோன் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. அப்பா பைக்கில் முன்னால் போக, நாங்கள் மூவரும் ஷேர் ஆட்டோவில் போனோம். கம்பெனி அட்டைகள் வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஈர அட்டையும் பசையுமாக ஒரு வாசனை, இப்போதும் எங்கள் பிரின்டிங் செக்ஷனில் அது வந்தால் நான் வெளியே போய் நின்றுவிடுவேன். கடைக்காரர் பனியனோடு வந்தார்.

"நேத்து சரக்கா? காத்தால லோடு ஏறிடுச்சி நைனா. மில்லுக்கே போய் சேர்ந்திருக்கும்."

"பழைய போஸ்டருப்பா. வெளக்கு படம் போட்டது" என்றார் அப்பா.

"செவப்பு ஸ்டிக்கரு ஒட்டுனத நாங்க பிரிச்சிக்கூடப் பார்க்க மாட்டோம் நைனா. கம்பெனி ரிஜெக்டுன்னு அப்படியே கட்டிடுவோம்."

யார் மேலும் தப்பில்லை, எல்லாரும் கரெக்டாக வேலை செய்திருந்தார்கள். என்னையும் சேர்த்து.

அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. மிச்சமிருந்த குவியலில் முழங்கால் வரைக்கும் இறங்கி ஒவ்வொரு பேப்பராக எடுத்துப் போட்டாள். நாங்களும் இறங்கினோம். ஒரு மணி நேரம். என் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் கிடைத்தது, போஸ்டர் கிடைக்கவில்லை. கடைக்காரர் அக்காவுக்கு மட்டும் நாற்காலி எடுத்துப் போட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். "குடிம்மா. கட்டு பிரிக்காம அனுப்பிட்டேனே" என்றார்.

"போதும், ஏறி வாங்கக்கா" என்றாள் அக்கா, அம்மாவைப் பார்த்து. "கையெல்லாம் கிழிஞ்சிருச்சு ஒங்களுக்கு."

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா சொன்னாள். "அந்தக் கொழாய ஒரு பையன் அனுப்புறான்னு நெனச்சிகினு இருந்தேன். ஒன் ஊர்க்காரி ஒருத்திகிட்டக்கூட விசாரிச்சேன்." அக்கா சிரித்துவிட்டாள். அந்த நேரத்தில் எப்படிச் சிரிப்பு வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

அன்று என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அந்த நோட்டை ஃபிரிட்ஜுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் தாங்க முடியாமல் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சென்னை போகவில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். வெறுங்கையோடு போய் என்ன செய்வது?

"எல்லாம் இதுல எழுதிக்கீறேன்க்கா. படிச்சிட்டு திட்டு."

நுரைக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முதல் குறையைப் படித்ததும் நிமிர்ந்தாள். "தீ வெளிய போயிருக்குன்னு கண்டுபிடிச்சியோ? அது அச்சாபீஸ்ல தாள் நகந்து போச்சுட்டி. எங்கப்பா சண்டைக்குப் போனாரு. போய் நின்னு பாத்துட்டு, காத்தடிக்குலா, அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. புதுசுல இவனுவ கம்ப்யூட்டர்ல உள்ள தள்ளி வச்சிட்டானுவ. வெளக்கு செத்துப் போச்சு."

அப்புறம் இரண்டு, மூன்று, நாலு. ஐந்துக்கு வந்தாள். நான் வரைந்து வைத்த அந்தப் பேரின் மேல் ஈர விரலை வைத்துவிட்டு, உடனே எடுத்துக்கொண்டாள், மை கரைந்துவிடும் என்று.

"இந்த வால நீயா போட்ட?"

"அதுல இருந்துச்சிக்கா. சத்தியமா. குறைய அப்படியே வரையணும்ல?"

"எங்கப்பா எழுத்துட்டி இது."

என் காதைப் பிடித்துத் திருகினாள். நல்ல வலி. ஆனால் திருகிவிட்டு விடவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தாள். நானும் விடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு சென்னைக்கு மூன்று பேராகப் போனோம். அம்மா கல்யாணப் புடவை கட்டிக்கொண்டாள். "போட்டது நானு. நான்தான் வந்து சொல்லணும்."

அந்த நாடகக் குழு ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. கொடிக்கயிற்றில் போஸ்டர்கள் கிளிப் போட்டுத் தொங்கின. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்த ஒரு சார் வந்தார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கூரியரில் இருந்த ஆம்பளைப் பேர் இவர்தான், என் தாத்தா வயது. அம்மா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், காயலாங்கடையில் கிழிந்த கையைக்கூடக் காட்டினாள்.

சார் நோட்டை வாங்கிப் படித்தார். "இது குழந்தை எழுதினதும்மா."

"கொழந்ததான். ஆனா இல்லாததை எழுத மாட்டா. கணக்குப் பரீட்சையில கூட தெரியலன்னா வெறுமனே விட்டுட்டு வந்துடுவா."

அவர் உள்ளே போய், அவர்கள் மறுபதிப்புக்கு வைத்திருந்த பழைய பிரதியைக் கொண்டுவந்தார். அக்கா அதன் மேல் குனிந்தாள். அதே பழுப்பு. அதே விளக்கு, தீ வெளியே. ஆனால் இடது பக்கக் கீழ்மூலை கிழிந்துபோயிருந்தது. பேர் இருக்க வேண்டிய இடம் அது. கிழிசலைக் கம்ப்யூட்டரில் நிரப்பியிருக்கிறார்கள்.

சார் ஸ்கேல் எடுத்துத் தீயை அளந்தார். "நாலுன்னு எழுதியிருக்கியே பாப்பா. ஆறு மில்லிமீட்டர் இருக்கு."

"அப்ப உங்க ஸ்கேலு தப்பு" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் முனையிலிருந்து அளந்திருக்கிறேன், என் மர ஸ்கேலில் பூஜ்யம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளித்தான் ஆரம்பிக்கிறது என்பது வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

"சார்," என்றாள் அக்கா. "பேரு போட முடியலன்னா பரவால்ல. தீய மட்டும் வெளிய எடுத்து வச்சிருங்க. அவரு தெரிஞ்சுதான் விட்டாரு."

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பழைய விளக்கையும் புதிய விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "நாங்க ரிப்பேர் பண்ணதா நினைச்சோம்" என்றார். பிறகு எங்களுக்குப் பன் பட்டர் ஜாம் வாங்கிவரச் சொன்னார். ஆதாரம் கையில் இல்லாமல் உறுதியாகப் போட முடியாது, ஆனால் நோட்டை நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்றார்.

நாலு மாசத்தில் அடுத்த பதிப்பு வந்தது. தீ கண்ணாடிக்கு வெளியே இருந்தது. அடியில் அக்காவின் அப்பா பேர். பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், "உறுதி செய்யப்படவில்லை."

அக்கா படியில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். முழுசாகப் படித்துக் காட்டினாள், அடைப்புக்குறியையும். விட்டிருக்கலாம். அவளால் முடியாது, இன்ஸ்பெக்ஷன் ஆள்.

போனில் அவள் அம்மா, "உறுதி இல்லைன்னு அவனுவளே போட்டிருக்கானுவள்லா" என்றார்.

"ஆமாம்மா. சாப்ட்டியா?"

போனை வைத்த பிறகு அக்கா மடியில் போஸ்டரோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மா மேலே வந்தாள். கையில் சுத்தியல். அக்காவின் ரூமுக்குள் போய், சுண்ணாம்பு உதிர உதிர நாலு ஆணி அடித்தாள். "குடு" என்று வாங்கி, தானே மாட்டினாள். கோணலாகத்தான் மாட்டினாள். அதில் ஒரு குறையும் நான் எழுதவில்லை.

அக்கா அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தாள். பிறகு கல்யாணம், வேறு கம்பெனி. இப்போது இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கும் இடத்தில் லைன் லீடர். இரண்டு பசங்க. அவள் அம்மாவும் கூடத்தான் இருக்கிறார். காது மந்தம், ஆனால் பேப்பரை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். அப்பா பேச்சு வந்தால் இன்றைக்கும், "போஸ்டர் ஒட்டுத மனுசன்" என்பார் என்று அக்கா சொல்வாள்.

இன்று காலையில் எனக்குக் குழாய் வந்தது. விளக்குப் போஸ்டர், நாலாவது பதிப்பு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அந்த ஊரில் ஒரு படிப்பகத்தின் பீரோவைக் காலி செய்தபோது இன்னொரு ஒரிஜினல் கிடைத்ததாம், மூலை கிழியாமல். கீழே சார் பேனாவில் நடுங்கிய கையெழுத்தில் எழுதியிருந்தார்: "பாப்பாவுக்கு. வால் சரியாக இருக்கிறது. தீ ஆறு மி.மீ. தான்."

போஸ்டரின் அடியில் பேர் இருக்கிறது. அடைப்புக்குறி இல்லை. பேர் என்ன என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, நீங்களே வரவழைத்துப் பாருங்கள்.

அந்த மூலையை மட்டும் குளோசப்பில் போட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவளுக்கு இந்த வாரம் முதல் ஷிஃப்ட். போன் லாக்கரில் இருக்கும், இரண்டரைக்குத்தான் கையில் கிடைக்கும். இப்போது மணி ஒன்று நாற்பது.